புரோமெலியாட் செடிகளும் எட்வார் மோரனும்

புரோமெலியாட் என்பது அன்னாசியை உள்ளடக்கிய தாவரக் குடும்பத்தின் பொதுப்பெயர் ஆகும். மேற்கு ஆப்பிரிக்காவில் வளரும் ஓர் இனம் தவிர, மற்றவை யாவும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. சுவீடன் நாட்டு மருத்துவரும் தாவரவியலாளருமான ஓலோஃப் புரோமேலியசின் (1639–1705) நினைவாக இப்பெயர் ஏற்பட்டது.

19ஆம் நூற்றாண்டில் இச்செடிகள் ஐரோப்பியக் கண்ணாடி வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. ஆனால் அவற்றை இனங்காண்பது கடினமாக இருந்தது. செடியை உலர்த்திப் பாதுகாத்தால், பூக்களைச் சூழ்ந்த வண்ண இலைகளின் நிறம் மங்கிவிடும். பெல்ஜியத்தின் லியேழ் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வார் மோரன் (1833–1886) செடிகளை வளர்த்து, அவை பூத்திருக்கும்போதே ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்தார். இக்குடும்பம் பற்றிய பெருநூலை எழுதி முடிக்கும் முன்பே அவர் காலமானார். எனினும் அவரது உழைப்பு வீணாகவில்லை. 250க்கும் மேற்பட்ட அந்த ஓவியங்களை இலண்டன் கியூ தாவரவியல் பூங்கா விலைக்கு வாங்கியது. அங்குப் பணியாற்றிய ஜான் கில்பர்ட் பேக்கர் 1889இல் வெளியிட்ட கையேட்டுக்கு அவை பயன்பட்டன.

வீட்டில் வளர்ப்போருக்கும் மோரனின் வழியே ஏற்றது. கஸ்மேனியா, விரீசியா ஆகியவற்றின் இலை விளிம்பு வழவழப்பாக இருக்கும். எக்மியா, பில்பெர்ஜியா ஆகியவற்றில் சிறு முட்கள் காணப்படும். இனத்தை உறுதிசெய்யப் பூ தேவை. பெரும்பாலான புரோமெலியாட்கள் ஒருமுறை மட்டுமே பூத்து, பக்கக் கன்றுகளை விட்டு மடிகின்றன. எனவே பூத்திருக்கும்போதே படம் எடுத்து, பெயரைக் குறித்து வைக்க வேண்டும். தவறினால் கன்று பூக்கும் வரை காத்திருக்க நேரும்.