டெல்லியில் பட்டினி கிடந்த டாக்டர்!

பழைய டெல்லிக்குப் போகிறவர்கள் எல்லாரும் செய்வது இரண்டே வேலைதான். செங்கோட்டை, ஜும்மா மசூதி பார்ப்பது ஒன்று. சாந்தினி சவுக் சந்துகளில் நுழைந்து பராத்தா, ஜிலேபி, கபாப் என்று வயிறு முட்டச் சாப்பிடுவது இன்னொன்று.

இதே தெருக்களில் சுமார் 360 வருஷத்துக்கு முன்னால் ஒரு பிரெஞ்சுக்காரர் சுற்றினார். கட்டடங்களைப் பார்த்து அசந்து போனார். ஆனால் சாப்பாடு? "கையில் காசு இருந்தும் பசியோடு கிடக்கிறேன்" என்ற கணக்கில் புலம்பித் தள்ளிவிட்டார்! சாப்பாட்டுக்குப் பேர்போன ஊரில் ஏன் இந்த நிலைமை? அதில்தான் விஷயமே இருக்கிறது.

அவர் பெயர் பிரான்சுவா பெர்னியே. 1620-ல் பிரான்சில் பிறந்தவர், மருத்துவம் படித்தவர். ஷாஜகானின் மகன்கள் அரியணைக்காக ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்த சமயத்தில் சூரத்தில் வந்து இறங்கினார். தோற்று ஓடிக்கொண்டிருந்த தாரா ஷிகோவுக்குச் சில நாள் வைத்தியம் பார்த்தார். பிறகு ஔரங்கசீப்பின் பிரபுக்களில் ஒருவரான தானிஷ்மந்த் கானிடம் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் கான் பெரிய படிப்பாளி. ஐரோப்பியத் தத்துவங்களைப் பெர்னியே பாரசீகத்தில் சொல்ல, ஆர்வமாய்க் கேட்பாராம்.

1663 ஜூலை 1-ம் தேதி பெர்னியே பாரிசில் இருந்த நண்பர் ஒருவருக்கு டெல்லியிலிருந்து ஒரு நீண்ட கடிதம் எழுதினார். டெல்லி, ஆக்ரா என்ற இரண்டு ஊர்களையும் விவரிக்கும் கடிதம் அது. அன்றைய டெல்லி என்றால் ஷாஜகான் 1639-ல் கட்ட ஆரம்பித்த புது நகரம், ஷாஜகானாபாத். கோட்டை 1648-ல் முடிந்தது, ஜும்மா மசூதி 1656-ல். அதாவது பெர்னியே பார்த்தபோது மசூதிக்கு வயது வெறும் ஏழு!

அந்த மசூதியை மனிதர் மனதாரப் புகழ்கிறார். ஐரோப்பியக் கட்டடக்கலை விதிப்படி அது இல்லைதான், ஆனாலும் கண்ணை உறுத்தும் குறை ஒன்றும் தெரியவில்லை, பாரிசில் இப்படி ஒரு தேவாலயம் கட்டினால் எல்லாரும் ரசிப்பார்கள் என்கிறார். பாரிசில் நல்லதாக இருப்பது டெல்லி வெயிலுக்குச் சரிப்படாது, இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கக்கூடாது என்றும் சொல்கிறார். தாஜ்மகாலையோ எகிப்து பிரமிடுகளுக்கு மேலே வைத்துவிட்டார்.

கோட்டைக்கு முன்னால் இருந்த பெரிய மைதானத்தில் எப்போதும் கூட்டம். வியாபாரம் ஒரு பக்கம், வித்தைக்காரர்களும் ஜோசியர்களும் இன்னொரு பக்கம். கோவாவிலிருந்து ஓடிவந்த ஒரு போர்ச்சுகீசியர்கூட அங்கே ஜோசியக் கடை போட்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. மூலதனம் ஒரு கப்பல் திசைகாட்டியும் பழைய ஜெபப் புத்தகங்களும்தான். அந்தப் புத்தகத்தில் இருந்த படங்களைக் காட்டி ராசி பலன் சொன்னாராம்!

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

மிட்டாய்க் கடைகள் எங்கு பார்த்தாலும் இருந்தன. ஆனால் பண்டம் முழுக்கத் தூசியும் ஈயும். ரொட்டிக் கடைகளுக்கும் குறைவில்லை. ஆனால் அடுப்பு சரியில்லை, ரொட்டி வேகவில்லை. சமைத்த இறைச்சி விற்கும் கடைகளும் இருந்தன. அது ஒட்டகமா, குதிரையா, நோயில் செத்த மாடா, யாருக்குத் தெரியும் என்று பெர்னியே பயப்படுகிறார். வீட்டில் சமைத்ததைத் தவிர வேறெதையும் நம்பக்கூடாது என்பது அவர் முடிவு.

இவருக்கு மாதச் சம்பளம் 150 கிரவுன், அந்தக் காலத்துக்கு நல்ல தொகை. அப்படியிருந்தும் என்ன செய்தார் தெரியுமா? வேலைக்காரர்களைக் கோட்டைக்கு அனுப்பி, அரண்மனைக்குச் சரக்கு வாங்கும் ஆட்களிடம் கள்ளத்தனமாக நல்ல உணவு வாங்கிச் சாப்பிட்டார். அவர்களுக்கு அது அடிமாட்டு விலைக்கு வந்த சரக்கு. இவருக்கோ கொள்ளை விலை. "பிரான்சில் அரை ரூபாய்க்கு ராஜா சாப்பிடுகிற மாதிரி இறைச்சி சாப்பிடுவேன், இங்கே திருட்டுத்தனமாகப் பிழைக்க வேண்டியிருக்கிறது" என்ற பொருளில் எஜமானரிடமே சொன்னார். கான் சிரித்தாராம்.

ஆக, ஊரில் நல்ல சரக்கு இல்லாமல் இல்லை. தெருவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்!

காரணத்தையும் பெர்னியேவே சொல்கிறார். டெல்லியில் நடுத்தரம் என்று ஒன்று கிடையாது. ஒன்று பெரிய பிரபுவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கஷ்டப்பட வேண்டும். பிரபுவுக்கு வேலை ஆகவேண்டுமென்றால் தொழிலாளியைக் கடைத்தெருவிலிருந்து ஆள் விட்டு இழுத்து வருவார்கள். கூலி அவர் வைத்ததுதான். சவுக்கடி கிடைக்காமல் திரும்பினால் அதிர்ஷ்டம். இப்படிப்பட்ட இடத்தில் எந்தக் கடைக்காரர் நல்ல பொருளைக் கண்ணில் படும்படி வைப்பார்? பட்டும் ஜரிகையும் வைத்திருக்கும் கடை ஒன்று என்றால், எண்ணெய்ப் பானையும் அரிசிக் கூடையும் மட்டும் வைத்திருக்கும் கடை 25 என்று எழுதுகிறார் பெர்னியே.

ஒரே விதிவிலக்கு பழக்கடை. பால்க், புகாரா, சமர்கண்ட் ஊர்களிலிருந்து பாதாம், பிஸ்தா, பஞ்சில் பொதிந்த திராட்சை, முலாம்பழம் எல்லாம் வந்து குவிந்தன. அதற்கும் காரணம் வாங்க ஆள் இருந்ததுதான். தானிஷ்மந்த் கான் காலைச் சாப்பாட்டுப் பழத்துக்கு மட்டும் 20 கிரவுன் செலவழிப்பாராம். அதாவது டாக்டரின் மாதச் சம்பளம் எட்டு நாள் பழத்துக்குக்கூடப் போதாது!

பெர்னியே சொன்னதை எல்லாம் அப்படியே நம்பவும் வேண்டாம். அவர் புத்தகம் 1670-ல் பாரிசில் வந்தது. மக்களின் சொத்தை அரசு பிடுங்கினால் நாடு என்ன ஆகும் என்று தன் நாட்டு அரசுக்குப் பாடம் எடுப்பதும் அவர் நோக்கம். அதனால் கொஞ்சம் கறுப்பு மை அதிகமாகவே விழுந்திருக்கும். முகலாய இந்தியாவில் பெரிய வணிகர்களும் வட்டிக்கடைக்காரர்களும் இருந்தார்கள் என்பதைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் டெல்லி அரசவையை நம்பி வாழ்ந்த ஊர் என்பதில் சந்தேகமில்லை. பாதுஷா 1664 டிசம்பரில் காஷ்மீருக்குக் கிளம்பியபோது படையோடு கடைத்தெருவும் சேர்ந்தே கிளம்பியது! இது நகரம் இல்லை, பாளையம் என்று பெர்னியே சொன்னது சும்மா இல்லை.

அப்புறம் இன்றைய டெல்லி சாப்பாடு எப்போது வந்தது?

1857 கிளர்ச்சி தோற்றது. கடைசி பாதுஷா ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டார். கோட்டைக்குள் இருந்த அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பகுதியை ஆங்கிலேயர்கள் இடித்தார்கள். நகர மக்களைக் கூட்டமாக வெளியேற்றினார்கள். அரசவையை நம்பி வாழ்ந்த டெல்லி அன்றோடு செத்தது.

அதன் பிறகுதான் 1867-ல் ரயில் வந்தது. வியாபாரிகள் வந்தார்கள். சாந்தினி சவுக்கின் பராத்தாக் கடைகள் 1870-களில் ஆரம்பித்தவை. ஜும்மா மசூதி பக்கத்தில் கரீம் ஓட்டல் 1913-ல் திறந்தது. தங்கள் முன்னோர்கள் முகலாய அரண்மனையில் சமைத்தவர்கள் என்று அந்தக் குடும்பம் சொல்கிறது. 1947 பிரிவினையில் எல்லாவற்றையும் இழந்து வந்த பஞ்சாபி அகதிகள் பலர் பிழைப்புக்காக அடுப்பு மூட்டினார்கள். சோலே பட்டூரேயும் தந்தூரி கோழியும் டெல்லியின் அடையாளமாக ஆனது அதற்குப் பிறகுதான்.

கட்டடங்கள் அதிகாரம் இருந்தபோது எழுந்தவை. தெருச் சாப்பாடோ பெரும்பாலும் அதிகாரத்தையும் வீட்டையும் இழந்தவர்கள் கையால் வந்தது. 1663-லும் டெல்லியில் நல்ல சமையல்காரர்கள் இருந்திருப்பார்கள். காசைக் கொடுத்துவிட்டுப் போகிற சாதாரண வாடிக்கையாளர்தான் இல்லை.

பாவம் பெர்னியே, கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டார்!