காணும் நாளும் காட்சியின் பருவமும்: சென்னை, புதுச்சேரி அருங்காட்சியகங்களிலும் பூங்காக்களிலும் பருவகாலக் காட்சிகளின் வளர்ச்சி

முன்னுரை

அருங்காட்சியகத்தை ஆண்டு முழுவதும் மாறாத பொருள்களின் இருப்பிடமாகவும், பூங்காவைப் பருவத்துக்குப் பருவம் மாறும் உயிர்களின் இருப்பிடமாகவும் பிரித்துப் பார்ப்பது வழக்கம். ஆயினும் சென்னையிலும் புதுச்சேரியிலும் இவ்விரு வகை நிறுவனங்களும் ஆண்டின் சில நாள்களில் மட்டும் பெருங்கூட்டத்தை ஈர்த்து வந்திருப்பதோடு, அந்நாள்களை ஒட்டியே தம் சிறப்புக் காட்சிகளையும் அமைத்து வந்துள்ளன. மலர்க் கண்காட்சி, பொருட்காட்சி, பூங்காச் சந்தை, பண்டிகைக்கால நிகழ்ச்சி என ஆண்டின் குறிப்பிட்ட ஒரு காலத்தில் மட்டும் நிகழ்பவற்றைப் பருவகாலக் காட்சி என்னும் பொதுப்பெயரால் இக்கட்டுரை சுட்டுகிறது. அவற்றின் காலத்தைத் தீர்மானித்தவை எவை, அத்தீர்மானம் 19ஆம் நூற்றாண்டு முதல் எவ்வாறு மாறியது என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

மரக்காணம் உப்பளக் கரையைச் சேர்ந்த கூனிமேடு இவ்வாய்வுக்குப் பொருத்தமான நோக்குநிலையைத் தருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே புதுச்சேரியும் வடக்கே சென்னையும் அமைய, இரு நகரங்களின் காட்சிகளுக்கும் பார்வையாளரை அனுப்பும் கரையோர ஊர்களுள் ஒன்று அது. காட்சியை அமைப்பவரின் பக்கத்திலிருந்து மட்டுமே எழுதப்படும் வரலாறு, அதைக் காண வருபவரின் வேலைக்காலத்தையும் ஓய்வுக்காலத்தையும் விட்டுவிடுகிறது. அந்தக் குறையை நீக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

'செத்த காலேஜ்', 'உயிர்க் காலேஜ்'

சென்னை இலக்கியச் சங்கம் வழங்கிய சுமார் 1,100 நிலவியல் மாதிரிகளைக் கொண்டு 1851இல் தொடங்கப்பட்ட சென்னை அரசு அருங்காட்சியகம், முதலில் கல்லூரிச் சாலையிலிருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில் இயங்கி, 1854 டிசம்பரில் எழும்பூரிலுள்ள 'பாந்தியன்' வளாகத்துக்கு மாற்றப்பட்டது. அதன் முதல் பொறுப்பாளரான மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர், கற்களும் பதப்படுத்திய உடல்களும் மட்டும் மக்களை ஈர்ப்பதில்லை என்றும், உயிருள்ள விலங்கு ஒன்று இருந்தாலே பார்வையாளர் எண்ணிக்கை உயர்கிறது என்றும் கண்டு, அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு விலங்குக் காட்சிசாலையை உருவாக்கினார். கல்லூரிக் கட்டடத்தில் தொடங்கிய நிறுவனம் என்பதால் மக்கள் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் விலங்குக் காட்சிசாலையை 'உயிர்க் காலேஜ்' என்றும் அழைத்தனர். இவ்வழக்கு, நிறுவனம் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயருக்கு அப்பால் மக்கள் அதைத் தமக்கேற்ற முறையில் பொருள்கொண்டதற்கு முதற்சான்றாகும்.

1851இல் இலண்டனில் நடைபெற்ற பெருங்கண்காட்சியைத் தொடர்ந்து சென்னையிலும் 1855இலும் 1857இலும் தென்னிந்தியக் கைவினைப் பொருள்களுக்கும் மூலப்பொருள்களுக்குமான கண்காட்சிகள் நடத்தப்பட்டன. இவை குறிப்பிட்ட காலத்துக்குத் திறந்து, பொருள்களைத் தரம்பிரித்துப் பரிசளித்து, பின் கலைக்கப்பட்டவை. நிலையான அருங்காட்சியகமும் தற்காலிகப் பொருட்காட்சியும் ஒரே பத்தாண்டில் ஒரே நகரில் அறிமுகமானதால், 'கண்காட்சி' என்னும் சொல் இன்றுவரை இரண்டுக்கும் நடுவே நின்று வழங்குகிறது.

ஆட்சியின் நாட்காட்டி

ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் 1859–60 ஆண்டுகளில் வகுத்த திட்டத்தின்படி சென்னை மத்திய ரயில் நிலையத்தை அடுத்த பகுதியில் குளங்களும் நடைபாதைகளும் கொண்ட மக்கள் பூங்கா உருவானது. எழும்பூரிலிருந்த விலங்குகள் 1863இல் அங்கு மாற்றப்பட்டன. அங்கு ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கும் ஆங்கிலப் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில் நடைபெற்ற பூங்காச் சந்தையே, சென்னை நகரின் முதல் பெரும் பருவகால நிகழ்ச்சி எனத் தகும். இங்குச் சந்தை என்பது காய்கறிச் சந்தையன்று. கடைகளும் விளையாட்டுகளும் கேளிக்கைகளும் கூடிய விழாவையே அது குறித்தது.

அந்த வாரத்தைத் தீர்மானித்தது பூங்காவின் பூக்களுமன்று, நகர மக்களின் பண்டிகையுமன்று. நீதிமன்றங்களும் அரசு அலுவலகங்களும் மூடப்பட்ட விடுமுறையே அதைத் தீர்மானித்தது. இந்திய தேசிய காங்கிரஸின் ஆண்டு மாநாடுகள் டிசம்பர் இறுதியில் கூடியதற்கும் அதுவே காரணம். 1927 டிசம்பரில் சென்னைக் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து சென்னை மியூசிக் அகாடமி பிறந்ததையும், மார்கழி இசை விழா பிற்காலத்தில் அதே வாரங்களில் நிலைபெற்றதையும் இத்தொடர்பில் கருத வேண்டும். ஆட்சியாளரின் விடுமுறையாக வந்த வாரம், மார்கழி என்னும் தமிழ் மாதத்தின் பெயரை ஏற்று நகரத்தின் சொந்தப் பருவமாயிற்று.

பூங்காச் சந்தையின் வரலாற்றில் 1886 டிசம்பர் 31 துயரமான நாளாகும். சந்தைத் திடலில் பற்றிய தீயில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். பெருந்திரளைக் குறுகிய காலத்துக்கு ஓரிடத்தில் கூட்டும் காட்சிக்குப் பாதுகாப்பும் வெளியேறும் வழியும் இன்றியமையாதவை என்பதை அந்நாள் நகரத்துக்கு உணர்த்தியது. பின்வந்த பத்தாண்டுகளில் விக்டோரியா பொதுமண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை எனக் கட்டடங்கள் எழ எழப் பூங்கா சுருங்கியது. விலங்குக் காட்சிசாலையும் 1985இல் வண்டலூருக்கு இடம்பெயர்ந்தது. பொங்கலை ஒட்டித் தொடங்கி வாரக்கணக்கில் நீளும் தீவுத்திடல் சுற்றுலாப் பொருட்காட்சியைப் பழைய பூங்காச் சந்தையின் வழித்தோன்றலாகக் கொள்ளலாம். ஆயினும் கிறிஸ்துமஸ் வாரத்திலிருந்து பொங்கலை நோக்கி அதன் மையம் நகர்ந்திருப்பது வெறும் இடமாற்றத்தினும் ஆழமான மாற்றமாகும்.

செடியின் நாட்காட்டி

அருங்காட்சியகத்தைப் போலன்றிப் பூங்கா தன் காட்சிக்காலத்தை முழுமையாகத் தானே தேர்ந்தெடுக்க இயலாது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியில் 1826இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவும், சென்னையில் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் பங்களிப்புடன் 1835இல் தோன்றிய வேளாண்-தோட்டக்கலைச் சங்கமும் முதலில் காட்சிக்காக அமைந்தவையல்ல. பிற நாட்டுப் பயிர்கள் இம்மண்ணில் ஊன்றி வளருமா என்று சோதிக்கும் இணக்கத் தோட்டங்களாகவே அவை கருதப்பட்டன. புதுச்சேரிப் பூங்காவின் வளர்ச்சியோடு இணைத்துப் பேசப்படும் தாவரவியலாளர் பெரோத்தே 1870இல் அந்நகரிலேயே காலமானார். சோதனையின் பயனை ஆண்டுக்கொருமுறை பொதுமக்களுக்குக் காட்டும் வழக்கத்திலிருந்தே மலர், காய், கனி கண்காட்சி என்னும் வடிவம் வளர்ந்தது.

இக்கடற்கரையின் மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவக்காற்றால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. அம்மழையின் தணிவில் விதைத்து நாற்றுப் பெயர்த்து நட்டால், ஓராண்டுப் பூச்செடிகள் தை, மாசி மாதங்களில் பூத்துக் குலுங்கும். பங்குனி வெயில் ஏறியதும் அவை வாடிவிடும். புதுச்சேரியின் மலர், காய், கனி கண்காட்சி பிப்ரவரி மாதத்தை ஒட்டி நடைபெற்று வருவதற்கு இதுவே அடிப்படை. காய்கறியும் கனியும் பூவோடு சேர்த்துக் காட்டப்பெறுவது, அக்காட்சி வேளாண் பரிசோதனையில் வேர்கொண்டிருப்பதன் அடையாளம்.

மலைநகரங்களில் நிலைமை நேர்மாறானது. உதகை அரசுத் தாவரவியல் பூங்கா 1840களின் இறுதியில் மெக்கைவர் என்பவரால் உருவாக்கப்பட்டது. அங்கு மலர்க் கண்காட்சி 1896இல் தொடங்கியது. சென்னை மாகாண அரசு கோடைக்காலத்தில் உதகைக்கு இடம்பெயர்ந்து இயங்கிய காலம் அது. மே மாதத்தில் அங்கே செடிகளும் பூத்தன, ஆட்சியாளரும் கூடியிருந்தனர். எனவே ஆட்சியின் நாட்காட்டியும் செடியின் நாட்காட்டியும் ஒரே மாதத்தில் பொருந்தின. நூறாவது கண்காட்சியின் நினைவாக 1995இல் அங்கு ரோஜாப் பூங்கா அமைக்கப்பட்டது. குன்னூர் சிம்ஸ் பூங்காவின் பழக்காட்சி, கோத்தகிரியின் காய்கறிக் காட்சி, கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவின் மலர்க் கண்காட்சி என இன்றைய கோடை விழாக்கள் யாவும் இப்பொருத்தத்தின் மீதே எழுந்தவை.

மக்களின் நாட்காட்டி

மேற்கூறிய இரு நாட்காட்டிகளையும் சாராத மூன்றாவது ஒன்றை மக்கள் தாமே கொண்டுவந்தனர். தைப்பொங்கலின் மூன்றாம் நாளுக்குத் தமிழர் வைத்த பெயர் காணும் பொங்கல். காணுதல் என்பது இங்கு உறவினரைச் சென்று காண்பதையும், ஊர் திரண்டு புறவெளியைக் காண்பதையும் ஒருங்கே குறிக்கும். அந்நாளில் ஆற்றங்கரைக்கும் கடற்கரைக்கும் கட்டுச்சோற்றுடன் சென்ற குடும்பங்கள், நகரத்தில் எழும்பூர் அருங்காட்சியகத்தையும் விலங்குக் காட்சிசாலையையும் அதே பயணத்தில் சேர்த்துக்கொண்டன. எந்த அழைப்பும் விளம்பரமும் இல்லாமல், மக்களின் பண்டிகையே அருங்காட்சியகத்தின் மிகப் பெரிய நாளை உண்டாக்கியது. எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்த காலத்தில் இக்கூட்டம் நிறுவனம் முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டிய ஒன்றாகிவிட்டது. அருங்காட்சியகத்தின் பொறுப்பில் 1909இல் மெரினாவில் திறக்கப்பட்ட மீன் காட்சியகமும், கடற்கரைக்கு வரும் கூட்டத்தை அறிவுக் காட்சிக்கு ஈர்த்த முயற்சியாகவே கருதத்தக்கது.

காண்பதை விழாவாக்கும் மரபு தமிழகத்துக்குப் புதிதன்று. நவராத்திரியில் வீட்டுப் படிகளில் பொம்மைகளை வரிசைப்படுத்தி, ஊராரை அழைத்துக் காட்டி, காட்சி முடிந்ததும் பெட்டிகளில் திரும்ப வைக்கும் கொலு, தேர்வு, வரிசை, விளக்கம், பாதுகாப்பு ஆகிய அருங்காட்சியகப் பணிகள் அனைத்தையும் சிறிய அளவில் கொண்ட பருவகாலக் காட்சியே ஆகும். மதுரையில் சித்திரைத் திருவிழாவை ஒட்டித் தமுக்கம் மைதானத்தில் நடைபெற்றுவந்த சித்திரைப் பொருட்காட்சி, அரசே கோயில் விழாவின் காலத்தை ஏற்றுத் தன் காட்சியை அமைத்ததற்கு எடுத்துக்காட்டு. மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் பல ஊர்த் தெய்வங்கள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது கரையோர ஊர்களின் மக்கள் நகரில் திரள்வதும், தோட்டக்கலைக் காட்சிக்கு உகந்த பருவமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அமைவது நோக்கத்தக்கது.

நாட்காட்டிகளின் இணைவு

விடுதலைக்குப் பிந்தைய நிறுவனங்களில் மக்களின் நாட்காட்டி திட்டமிட்டே ஏற்கப்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ரா, தென்னிந்திய மரபு வீடுகளைப் பெயர்த்தெடுத்து வந்து மீண்டும் எழுப்பிய திறந்தவெளி அருங்காட்சியகம். அங்குப் பொங்கலும் நவராத்திரிக் கொலுவும் நிகழ்ச்சிகளாக மட்டும் நடத்தப்படுவதில்லை. அந்த வீடுகள் எதற்காகக் கட்டப்பட்டனவோ அந்தப் பயன்பாட்டை ஆண்டுக்கொருமுறை அவற்றுக்குத் திருப்பித் தருகின்றன. முற்றத்தில் பொங்கல் பானை ஏறும்போதுதான் முற்றம் ஏன் அத்தனை அகலமானது என்பது பார்வையாளருக்கு விளங்குகிறது.

சென்னை மலர்க் கண்காட்சியின் அண்மைய வரலாறு இவ்விணைவின் தெளிவான சான்றாகும். தமிழக அரசின் முதல் சென்னை மலர்க் கண்காட்சி 2022 ஜூன் 3 முதல் 5 வரை கலைவாணர் அரங்கில், முன்னாள் முதலமைச்சர் கருணாநிதியின் பிறந்தநாளை ஒட்டி நடைபெற்றது. அடுத்த ஆண்டும் அதே நாள்களில், 2010இல் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்காவில் அது நிகழ்ந்தது. ஜூன் மாதச் சென்னை வெயிலில் பூக்களை மலையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் கொண்டுவந்து குளிரூட்டிக் காக்க வேண்டியிருந்தது. 2024இல் கண்காட்சி பிப்ரவரிக்கும், 2025இல் பொங்கல் விடுமுறையை உள்ளடக்கிய ஜனவரி 2 முதல் 18 வரையிலான காலத்துக்கும் மாறியது. மூன்றே ஆண்டுகளில் ஆட்சியின் நாளிலிருந்து செடியின் நாளுக்கும், அங்கிருந்து மக்களின் நாளுக்கும் அக்காட்சி நகர்ந்தது. நூற்றைம்பது ஆண்டுகளில் நகரம் கடந்த வழியையே அது சுருக்கமாகக் கடந்துகாட்டியது எனலாம்.

உப்பளத்தின் நாட்காட்டி

கூனிமேட்டுக் கரையிலிருந்து நோக்கும்போது நான்காவது நாட்காட்டி ஒன்று புலப்படுகிறது. உப்பளத்தில் மழை ஓய்ந்ததும் பாத்திகளிலிருந்து சேறு அகற்றி, வரப்புக் கட்டி, தரையை மிதித்து இறுக்கும் வேலை தை மாதத்தை ஒட்டித் தொடங்கும். வெயில் ஏறும் மாதங்களில் உப்பு விளைந்து, அடுத்த மழை வரும்வரை வாருதல் தொடரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அளத்தில் வேலை இல்லை. அம்மாதங்களுக்கென அரசு நிவாரணத் தொகை வழங்குவதே வருவாயற்ற நிலைக்குச் சான்று. ஆக, உப்பளத் தொழிலாளிக்கு ஓய்வுள்ள மாதங்களில் கையில் பணமில்லை. வருவாயுள்ள மாதங்களில் ஓய்வில்லை. உதகையின் மே மாதக் காட்சி அவருடைய உச்சவேலைக் காலத்தில் நிகழ்வது. மழைமாத வறுமைக்கும் புதிய உப்புப் பருவத்துக்கும் நடுவே வரும் பொங்கல் மட்டுமே காட்சிக்குச் செல்ல அவருக்குக் கிடைக்கும் நாள். காணும் பொங்கலன்று திரளும் கூட்டத்தை நெரிசல் என்று மட்டும் கருதி ஒழுங்குபடுத்த முற்படுவோர், ஆண்டில் அந்த ஒரு நாளை மட்டுமே பெற்றவர்களும் அக்கூட்டத்தில் உள்ளனர் என்பதை நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

இக்கரையும் காட்சிப்பொருள் அற்றதன்று. பழந்தமிழ் எயிற்பட்டினமாக அடையாளம் காணப்படும் மரக்காணம், அங்குள்ள பூமீசுவரர் கோயிலின் சோழர்காலக் கல்வெட்டுகள், மேற்கே திருவக்கரையில் 1940 முதல் பாதுகாக்கப்படும் கல்மரங்கள், 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி ஈரநிலம் ஆகியவை அருகருகே அமைந்துள்ளன. வலசைப் பறவைகள் கழுவேலிக்கு வருவது அக்டோபர் முதல் மார்ச் வரை, அதாவது அளம் உறங்கும் மாதங்களில் தொடங்கி. நகரத்துக் காட்சிகள் கரையோர மக்களைப் பார்வையாளராக மட்டுமே கண்டுவந்துள்ளன. உப்பளத்தின் ஓய்வுக்காலத்தையும் பறவைகளின் வருகைக்காலத்தையும் இணைத்து இக்கரையிலேயே ஒரு பருவகாலக் காட்சி அமையுமாயின், பாத்தியின் உவர்ப்பையும் காற்றின் திசையையும் தலைமுறைகளாக அறிந்த தொழிலாளியே அதன் விளக்குநராக நிற்க முடியும். வேலையற்ற மாதங்களில் அவருக்கு அது வருவாயும் ஆகும்.

முடிவுரை

பருவகாலக் காட்சி நிறுவனத்தின் அறிவிப்பால் மட்டும் நிலைபெறுவதில்லை. ஆட்சியின் விடுமுறையைச் சார்ந்து தொடங்கியவை, செடியின் இயல்புக்கு இணங்கித் திருந்தி, இறுதியில் மக்களின் பண்டிகையில் வேரூன்றியபோதே நீடித்துள்ளன. காணும் பொங்கலின் கூட்டம் இவ்வுண்மையை ஒன்றரை நூற்றாண்டாக உணர்த்தி வருகிறது. காண வருவோரின் உழைப்புக்காலத்தையும் கணக்கில் கொண்டு காட்சியின் நாளைக் குறிப்பதே அடுத்துவர வேண்டிய வளர்ச்சி. அவ்வளர்ச்சி நிகழுமாயின், கூனிமேட்டைப் போன்ற ஊர்கள் காணச் செல்லும் ஊர்களாக மட்டுமன்றி, காணத்தக்க ஊர்களாகவும் அமையும்.