பிள்ளை வழக்கு (மூக்குத்தி வழக்கு)

பள்ளிச் சீருடை விதிக்கும் சமயப் பண்பாட்டு உரிமைக்கும் இடையே எழுந்த தென்னாப்பிரிக்க வழக்கு. 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாக நட்டாலுக்குக் கப்பலேறிய தமிழர் அங்கு கொண்டுசென்றவற்றுள் மூக்குத்தியும் ஒன்று. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் மாணவி மூக்குத்தியோடு வகுப்பில் அமர்வது செய்தியே அல்ல. நட்டாலின் டர்பனில் அது நீதிமன்ற வழக்கானது.

2004இல் டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் பிள்ளை என்னும் குடும்பப் பெயர்கொண்ட தமிழ் இந்து மாணவி ஒருத்தி விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டு திரும்பினாள். காதில் சிறு தோடு அணியலாம், மூக்கில் கூடாது என்றது பள்ளி விதி. பெண் பருவமடைந்ததும் மூக்குத்தி அணிவிப்பதும், பதினாறாம் பிறந்தநாளில் பாட்டி வைரம் பதித்தது தருவதும் குடும்ப வழக்கம் என்றார் தாய். சமத்துவ நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது. உயர் நீதிமன்றம் அதை மாற்றியது.

5 அக்டோபர் 2007 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் மாணவிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி பயஸ் லங்கா. சமயம் கட்டாயமாக்காத, தானே விரும்பி ஏற்ற வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றதே தீர்ப்பின் உயிர்நாடி. அதற்குள் அவள் பள்ளியை விட்டுச் சென்றிருந்தாள்.

இந்தியாவில் கர்நாடக உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் ஹிஜாப் வழக்கில் எதிர்த்திசையில் சென்றது: இன்றியமையாச் சமய வழக்கமா என்பதே அங்கு அளவுகோல். தமிழ்நாட்டில் 2024இல் நீதிபதி சந்துரு குழு பள்ளிகளில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைத் தடுக்கப் பரிந்துரைத்தது. அதன் கவலை சமயமன்று, சாதி.