வேலை செய்யாத கல்

கடிகாரத்துள் மாணிக்கம் வந்தது அழகுக்காக அல்ல. உருக்கு அச்சின் முனை பித்தளைத் துளையில் சுழன்றால் துளை தேய்கிறது. மாணிக்கத் துளையில் சுழன்றால் உராய்வு குறைகிறது. மாணிக்கத்தைத் துளையிடும் முறைக்கு 1704இல் லண்டனில் காப்புரிமை பெற்றவர் நிகோலா ஃபாசியோ. ஸ்விட்ஸர்லாந்தில் பிறந்த கணிதர், நியூட்டனின் நண்பர். டெபோஃப்ர் குடும்பத்தார் இருவர் அவருக்குக் கூட்டாளிகள். உரிமைக் காலத்தை நீட்டக் கேட்டுப் பாராளுமன்றம் போனபோது லண்டன் கடிகாரத் தொழிலாளர் சங்கம் எதிர்த்தது. இக்னேஷியஸ் ஹக்கஃபோர்ட் செய்த பழைய கடிகாரம் ஒன்றைச் சாட்சியாக வைத்தது: கல் முன்பே இருந்திருக்கிறது. கோரிக்கை தோற்றது. வெகுகாலம் கழித்துப் பிரித்துப் பார்த்தால், அந்தக் கல் எந்த அச்சையும் தாங்கவில்லை. வெறும் அலங்காரம்.

1902இல் வெர்னாய் செயற்கை மாணிக்க முறையை வெளியிட்டபின் கல் மலிந்தது. 1960களில் நூறு கல் என்று பறைசாற்றிய கைக்கடிகாரங்கள் வந்தன. அவற்றில் பல கற்களுக்கு வேலையே இல்லை. எச்.எம்.டி. ஜனதாவுக்குப் பதினேழு போதுமாயிருந்தது. பழைய கடிகாரம் வாங்கும்போது முகப்பிலுள்ள எண்ணை நான் நம்புவதில்லை. பின்மூடியைத் திறந்து எந்தக் கல் எதைத் தாங்குகிறது என்று பார்க்கிறேன். வேலை செய்யும் கல்லை மட்டுமே எண்ண வேண்டும் என்று சர்வதேசத் தர விதி வந்தது 1974இல். ஃபாசியோவின் வழக்குக்கு ஏறக்குறைய 270 ஆண்டு தாமதம்.