யார் நிற்கும் இடத்திலிருந்து?



அடி அண்ணாமலையிலிருந்து பார்த்தால் மலைக்கு ஒரு வடிவம். நகரத்திலிருந்து பார்த்தால் வேறு வடிவம். அச்சில் வருவதோ பெரும்பாலும் பெரிய கோயில் கோபுரமும் அதன் பின்னே மலையும்தான். எங்கே நின்று பார்ப்பது என்று தீர்மானிக்கும்போதே புகைப்படத்தின் அழகியல் தொடங்கிவிடுகிறது.

1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுத்தார். நிகழ்வும் வடிவமும் ஒன்றுகூடும் கணத்தைப் பிடிப்பதே கலை என்ற அவரது பார்வை 1952இல் நூலாகி, உலகெங்கும் பாடமானது. நாமும் அதைக் கற்றோம். யாருடைய கணம் என்ற கேள்வியை நாம்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது.

ஏனெனில், நம் முன்னோர் முன் கேமரா வந்து நின்ற விதம் வேறு. தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில், மூக்கையும் தலையையும் அளந்த கணக்குகளோடு படங்களும் இருக்கின்றன. அங்கே முகம் ஒரு மனிதருடையது அல்ல, சாதியின் மாதிரி. அந்தப் படங்களுக்கும் ஒரு கட்டமைப்பு உண்டு. அளப்பவருக்கு வசதியான கட்டமைப்பு அது.

இன்று வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் தன் குடும்பத்தையே படமெடுக்கிறார். எம். பழனிகுமார் தூய்மைப் பணியாளர்களின் வாழ்வையும் சாவையும் பதிவுசெய்கிறார். இங்கே கேமரா அளப்பதில்லை, உடன் நிற்கிறது.

சட்டகத்தின் ஓரமும் ஊருக்கும் சேரிக்கும் நடுவிலான எல்லையைப் போலத்தான். அது தானாக அமைவதில்லை, யாரோ போடுகிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்களை அவர்கள் விரும்பும் இடத்தில், விரும்பும்படி நிறுத்திப் படமெடுப்போம். படத்தின் பின்னால் பெயரையும் ஆண்டையும் எழுதிவைப்போம். நம் வரலாற்றுக்கு அதுவும் ஆவணம்.