வயித்தை முறுக்குது!

"வயித்தை முறுக்குது"ன்னு சொல்லாத ஆள் நம்மூர்ல உண்டா? சொன்ன உடனே ஓமத்தண்ணியோ பெருங்காய மோரோ வந்துடும். முக்காவாசி நேரம் அதுலயே சரியாகியும் விடும். காரணம், உள்ளே நிஜமா எதுவும் முறுக்கிக்கிறதில்லை. குடல் தசை இறுகுற வலிதான் அது.

ஆனா அபூர்வமா சிலருக்கு இரைப்பையே நிஜமா திருகிக்கும், ஈரத்துணியைப் பிழியிற மாதிரி. மருத்துவத்தில் இதற்குப் பெயர் வால்வுலஸ். உருட்டுவது, சுழற்றுவது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இரைப்பையைப் பிடித்து வைத்திருக்கும் கட்டுகள் தளர்ந்தாலோ, உதரவிதானத்து ஓட்டை வழியாக அது நெஞ்சுக்குள் ஏறினாலோ இப்படி ஆகலாம். பாதிச் சுற்றுக்கு மேல் திரும்பினால் மேல்வாசல், கீழ்வாசல் இரண்டும் அடைபடும். ரத்த ஓட்டமும் நின்றால் இரைப்பை அழுக ஆரம்பிக்கும்.

1866ல் இத்தாலிய மருத்துவர் பெர்ட்டி இதை முதலில் விவரித்தார். எப்படித் தெரிஞ்சுதுன்னா, இறந்துபோன ஒரு பெண்ணின் பிரேதப் பரிசோதனையில்! நோய்க்குப் பேர் கிடைச்சுது, நோயாளிக்குப் பிரயோசனமில்லை. 1890களில் ஸ்வீடன் நாட்டு சர்ஜன் பெர்க், வயிற்றைத் திறந்து முறுக்கை அவிழ்த்துக் காட்டினார். சரி, கத்தி வைக்கும் முன்னாடியே கண்டுபிடிப்பது எப்படி?

1904ல் பெர்லின் சர்ஜன் மோரிட்ஸ் போர்ஹார்ட் மூன்று அடையாளங்கள் சொன்னார். மேல்வயிற்றில் கடும் வலி. ஓங்கரிப்பு வரும், ஆனா வாந்தி வராது. இரைப்பைக்குள் குழாய் விட்டால் இறங்காது. ஸ்கேன் இல்லாத காலத்தில் கண்ணும் கையும் மட்டுமே வைத்துச் சொன்னது!

1922ல் மாஸ்கோ போய் லெனின் உடம்பிலிருந்து குண்டை எடுத்தவரும் இதே போர்ஹார்ட்தான். ஆனால் அவர் யூதர். நாஜிகள் வந்ததும் வேலை போச்சு. கடைசியில் அர்ஜென்டினாவுக்குப் போய், அங்கேயே 1948ல் காலமானார். ஊரை விட்டுத் துரத்தினாலும், பாடப்புத்தகத்திலிருந்து அவர் பெயரைத் துரத்த முடியவில்லை.

இன்னிக்கு சி.டி. ஸ்கேன் முறுக்கைப் படமாகவே காட்டிவிடும். மூன்று அடையாளமும் எல்லாருக்கும் சேர்ந்து வருவதில்லை என்பதும் தெரியும். இருந்தாலும் வீட்டில் யாராவது மேல்வயிற்று வலியில் துடித்து, ஓங்கரித்து ஓங்கரித்து ஒண்ணுமே வெளியே வரலைன்னா, அடுத்த டம்ளர் ஓமத்தண்ணிக்காகக் காத்திருக்காதீங்க. ஆட்டோவைக் கூப்பிடுங்க.