ஈஸ்ட்டும் மின்துடிப்பும்: நான் திருத்திக்கொண்ட ஒரு விடை



ஆறாம் ஆண்டு வகுப்பில் நுண்ணுயிர்ப் பாடம் நடத்தினேன். சர்க்கரை கலந்த வெதுவெதுப்பான நீரில் ஈஸ்ட்டை இட்டு, புட்டியின் வாயில் பலூனை மாட்டினோம். பலூன் உப்பியது. "டீச்சர், இதில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் என்ன ஆகும்?" என்று ஒரு மாணவி வினவினாள். "சூட்டில் வெந்து இறந்துவிடும்" என்றேன். அன்றிரவு நூல்களைப் புரட்டியபோதுதான் என் விடை அரைகுறையானது என்று உணர்ந்தேன்.

நெடுநேரம் மின்சாரம் பாய்ந்தால் நீர் சூடாகும் என்பது உண்மையே. ஆனால் 1967-ஆம் ஆண்டில் சேல், ஹாமில்ட்டன் என்னும் இருவர் பாக்டீரியாவிலும் ஈஸ்ட்டிலும் மிகக் குறுகிய மின்துடிப்புகளைச் செலுத்தினர். மின்புலம் சென்டிமீட்டருக்கு 25,000 வோல்ட் வரை. ஒரு துடிப்பின் நேரமோ ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் 20 பங்குக்கு மேற்படாது. உயிரணுக்கள் மடிந்தன. அதற்குக் காரணம் சூடன்று, சவ்வின் சிதைவே என்று அவர்கள் காட்டினர்.

உயிரணுவைச் சூழ்ந்த சவ்வு, ஒரு மில்லிமீட்டரின் ஏறத்தாழ இரண்டு இலட்சத்தில் ஒரு பங்கே தடிமன் கொண்டது. அதன் இருபுறமும் சுமார் ஒரு வோல்ட் அழுத்தம் ஏறினாலே நுண்துளைகள் தோன்றும். துடிப்பு கடுமையாயின் அவை மூடா. அளவாயின் மீண்டும் மூடிக்கொள்ளும்.

அந்த இடைவெளியே பிற்காலத்தில் வாயிலாயிற்று. 1972-இல் நியூமான், ரோசன்ஹெக் ஆகியோர் இத்தகைய தற்காலிகக் கசிவை அறிவித்தனர். 1982-இல் நியூமான் குழுவினர் எலியின் உயிரணுவுக்குள் மரபணுவைச் செலுத்தினர். 1985-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் முழு ஈஸ்ட் அணுவிலும் அதனைச் செய்து காட்டினர். ஈஸ்ட்டுக்குள் புதிய மரபணுவைச் சேர்க்கும் வழிகளுள் இதுவும் ஒன்றாக நிலைபெற்றது.

இதனால் நமக்கென்ன என்று பெற்றோர் கேட்கலாம். நம் நாட்டில் 1989 முதல் பச்சிளங் குழந்தைகளுக்குக் கல்லீரல் அழற்சி 'பி' தடுப்பூசி போடப்படுகிறது. அந்நோய்க்கான தடுப்பு மருந்தை மரபணு சேர்க்கப்பட்ட ஈஸ்ட்டே உருவாக்கித் தருகிறது. அம்மரபணுவைச் சேர்க்க வேதிமுறைகளும் உண்டு. எனினும், ஆப்பமாவைப் புளிக்கவைக்கும் இச்சிற்றுயிர் மருந்துச்சாலையாகவும் மாறியது வியப்பன்றோ?

மறுநாள் வகுப்பில், "நேற்று நான் கூறியது முழு உண்மையன்று" என்று தொடங்கி இதனை விளக்கினேன். வீட்டில் எவரும் இதனைச் செய்து பார்க்கலாகாது என்றும் எச்சரித்தேன். மாணவர் என்னைக் குறைவாக மதிக்கவில்லை. அதே மாணவி மீண்டும் கையை உயர்த்தினாள்: "அந்தத் துளை எப்படித் தானாக மூடும், டீச்சர்?"

இம்முறை, "படித்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்றேன்.